மேலத்தெரு முக்கில் நின்ற வண்டி

தர்மன் என் தங்கச்சி புருஷன். உயிரோடு இருக்கிற மாப்பிள்ளையை மச்சான்காரன் புகழக் கூடாது. புகழ்ந்தால் அப்புறம் அவனைக் கையில் பிடிக்க முடியாது. அதனால்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் எண்பத்தாறாம் வருஷம் ஆவணி மாதம் அவன் ஒரு புது மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் செய்த காரியத்தை ஆளாளுக்குத் திரித்துச் சொல்வதைக் கேட்டு எனக்கு எரிச்சல் தாளவில்லை. அம்மன் வண்டியை நிறுத்தினாள் என்கிறான் ஒருவன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது என்கிறான் இன்னொருவன். இரண்டு பேருமே அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன். பின் சீட்டிலேயே இருந்தேன்.

ஊர் குன்னத்துக்குத் தெற்கே எட்டு கிலோமீட்டர். பேர் சொல்ல மாட்டேன்; சொன்னால் இன்றைக்கும் வரிந்துகட்டிக்கொண்டு வர ஆள் இருக்கிறது. பருத்தி, சோளம், வெங்காயம் போடுகிற மண். எங்கள் தெரு ஊருக்குக் கடைசியில் இருக்கிறது. பஸ் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் மேலத்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். மேலத்தெருவில் இருப்பவர்கள் நிலம் வைத்திருக்கிறவர்கள். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, போர்டு மாட்டவில்லை. கேட்டால் அப்படியெல்லாம் இங்கே ஒன்றுமே கிடையாது என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் ஏறிப் போனால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஆள் வரும்.

என் பேர் சாமிதுரை. குன்னத்தில் கூட்டுறவு சங்கக் கிடங்கில் உர மூட்டை எடை போடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் நான் அந்தத் தெருவில் சைக்கிளைத் தள்ளினேன். தெரு ஆரம்பிக்கிற இடத்திலிருந்து தேர்க்கொட்டகை முக்கு வரை இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி. எண்ணிக்கொண்டே நடந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதற்காகத்தான் எண்ணினேன்.

தர்மன் ஒரு நாள்கூடத் தள்ளியதில்லை. அதற்காக ஏறியும் போகவில்லை. ஓடை வழியாகச் சுற்றிப் போவான். இரண்டு மைல் கூடுதல், பாதி தூரம் மணல். கேரியரில் ரிப்பேருக்கு வந்த கிணற்று மோட்டாரைக் கட்டிக்கொண்டு, மணல் வரும் இடத்தில் மோட்டாரைத் தனியாகவும் சைக்கிளைத் தனியாகவும் தூக்கிக் கடப்பான். "தலைக்கனம் புடிச்சவன்" என்று நானே என் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பேர் கொளஞ்சியம்மாள். அவள் சிரிப்பாள். அவளுக்கு அந்தக் கனம் பிடித்திருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

அவன் அப்பா பூமாலை, மேலத்தெரு தங்கசாமி வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். தர்மனையும் பதினைந்து வயதில் அதே மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பப் பார்த்தார்கள். அன்றைக்கே அரியலூருக்கு ஓடிவிட்டான். அங்கே ரயிலடிப் பக்கம் அமிர்தலிங்கம் என்று ஒருவர் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கருகிப்போன மோட்டாரிலிருந்து பழைய செம்புக் கம்பியை உருவுவதுதான் முதல் மூன்று வருஷமும் வேலை. பன்னிரண்டு வருஷம் கழித்து வார்னிஷ் நாற்றமடிக்கிற கையோடு திரும்பி வந்து குன்னத்தில் தனியாகக் கடை போட்டான். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் புகைந்தாலும் அவனிடம்தான் வரும். மேலத்தெரு மோட்டார்களும் வரும். ஒரு தடவை தங்கசாமி ஆள் அனுப்பி, கொல்லைப்பக்கமாக வந்து மோட்டாரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். "மோட்டாரு கடைக்கு வரட்டும். என் கடைக்கு முன்பக்கம் மட்டுந்தான் வாசல்" என்று சொல்லி அனுப்பினான். மோட்டார் கடைக்கு வந்தது.

அவன் வேலை செய்கிற விதமே தனி. கொண்டுவந்த மோட்டாரை உடனே கழற்ற மாட்டான். கொண்டுவந்த ஆளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பான். எப்போது நின்றது, நிற்கும்போது என்ன சத்தம் வந்தது, அதற்கு முந்தின நாள் ஓடியதா, மழை பெய்ததா. சில பேருக்குக் கோபம் வந்துவிடும், மோட்டாரைப் பார்க்கச் சொன்னால் நம்மை விசாரிக்கிறானே என்று. "சீக்கு எங்க இருக்குன்னு தேடுனா நாளு பூரா தேடலாம்ங்க. எப்ப வருதுன்னு கேட்டா அதுவே வந்து சொல்லும்" என்பான்.

அப்படிப்பட்டவன் திருச்சியில் பதிந்துவைத்து எட்டு மாதம் காத்திருந்து ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கினான். சிவப்பு வண்டி. எங்கள் தெருவில் அதுதான் முதல். மேலத்தெருவிலேயே அப்போது இரண்டுதான் இருந்தது. வண்டியை ஆறு பேர் சேர்ந்து ஓடை மணலில் தூக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தோம், அன்றைக்குத் தெருவே சந்தோஷப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தெருவே பயந்தது. ஏனென்றால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடை மணலைக் கடக்கலாம், மோட்டார் சைக்கிளை ஒரு ஆள் தினமும் தூக்க முடியாது. மேலத்தெரு ஒன்றுதான் வழி.

"நாளைக்கு எப்படி மாப்ள போவ?" என்றேன்.

"ஏறி ஒக்காந்துதான் மச்சான் போவேன். தள்ளிக்கிட்டுப் போறதுக்கா எட்டு மாசம் காத்திருந்தேன்?"

அன்றைக்குச் சாயங்காலம் வண்டிக்குப் பூசை போட்டோம். சந்தனம், குங்குமம், மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். தர்மனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் எலுமிச்சம்பழத்தால் டயருக்கு ஒன்றும் கெட்டுப்போகாது என்று விட்டுவிட்டான். தாயத்து, தகடு என்று எதையாவது கொண்டுவந்தால் மட்டும் தூக்கி எறிந்துவிடுவான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான், பக்கத்து ஊர்க் கோடாங்கி ஒருவரிடம் மந்திரித்து வாங்கிய செப்புத் தகட்டை இடுப்பில் மறைத்துக் கொண்டுவந்திருந்தேன். சுருட்டின தகடு, ஒரு சுண்டுவிரல் நீளம். அவன் உள்ளே சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒயர்கள் கொத்தாக ஓடுகிற இடத்தில் அதைச் செருகி, கறுப்புக் கயிற்றால் சுற்றி, அவிழ்ந்துவிடக் கூடாதென்று பல்லால் கடித்து இறுக்கினேன். கொளஞ்சி வாசலில் நின்று பார்த்தாள். அவன் வந்துவிடப்போகிறான் என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் அவன் உயிர்மேல் பயம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கிளம்பினோம். மேலத்தெரு தொடங்கும் இடம் வந்ததும் எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் கால் தானாகக் கீழே போனது.

"நான் எறங்கி நடந்து வரேன் மாப்ள."

"ஒக்காருங்க மச்சான். கால மேல வைங்க, சைலன்ஸர் சுடும்."

போனோம். வேகமாகக்கூடப் போகவில்லை அவன், மாட்டு வண்டி வேகத்தில் போனான். எல்லாரும் பார்க்கட்டும் என்றே போன மாதிரி இருந்தது. தங்கசாமி வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு வாசலில் நின்றார். குச்சி வாயிலேயே நின்றுவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு தப்படி எண்ணப் பார்த்தேன், வண்டியில் போகும்போது எண்ண வரவில்லை. தெருக்கடைசி வந்துவிட்டது. அங்கே ஒரு பக்கம் அம்மன் கோயில் தேர்க்கொட்டகை, இன்னொரு பக்கம் வீரம்மாள் வீட்டுச் சுவர். நடுவில் தேருக்கு முட்டுக்கொடுக்கிற கல்லும் கிடக்கும். ஹேண்டில்பாரை முழுசாக இடதுபக்கம் ஒடித்தால்தான் அந்த முக்கில் திரும்ப முடியும். தர்மன் ஒடித்தான். வண்டி பொசுக்கென்று நின்றுவிட்டது.

அவன் ஹாரனை அமுக்கிப் பார்த்தான், அடித்தது. சிக்னல் விளக்கைப் போட்டான், எரிந்தது. உதைத்தான். உதைத்தான். ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான், அப்புறம் நாலைந்து பேர். வேறு வழியில்லாமல் இறங்கி முக்கைத் தாண்டும் வரை தள்ளினோம். தாண்டி, வண்டியை நேராக்கி உதைத்தான். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது.

"வண்டிக்குத் தெரியுற மரியாத ஆளுக்குத் தெரியல பாரு" என்று தங்கசாமி சத்தமாகச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. குன்னம் போகும் வரை தர்மனின் கழுத்து நரம்பு துடித்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

சாயங்காலம் அதே வழியாகத் திரும்பினோம். வண்டி நிற்கவில்லை. மறுநாள் காலை அதே முக்கில் நின்றது. சாயங்காலம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை முக்கில் கூட்டமே காத்திருந்தது, வேடிக்கை பார்க்க. அவர்களை ஏமாற்றாமல் வண்டி நின்றது. கோயில் பூசாரி செல்லப்பன் திருநீற்றுத் தட்டோடு வந்து, ஆத்தா எல்லையில் ஏறிப் போனதால்தான் நிறுத்துகிறாள், இறங்கிக் கும்பிட்டுவிட்டுத் தள்ளிப் போனால் விட்டுவிடுவாள் என்று அழகாக விளக்கம் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், நானும் அதை நம்பினேன்.

அன்றைக்கே வண்டியைத் திருச்சிக்குக் கொண்டுபோய் வாங்கின இடத்தில் காட்டினான் தர்மன். அங்கேயிருந்த மெக்கானிக் மெயின் ரோட்டில் நேராக இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். வழியில் எங்கேயும் அது நிற்கவில்லை, அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் எங்கள் தெரு ஆட்களே தர்மன் வீட்டுக்கு வந்தார்கள். அமாவாசை என்று எங்களில் கொஞ்சம் வயதானவர், அவர்தான் பேச்சை எடுத்தார். "ஒனக்கு வீம்பு தர்மா. நாளப்பின்ன நம்ம பொம்பளைங்க அவங்க காட்டுக்குத்தான் களையெடுக்கப் போவணும். முக்கு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிடேன். வண்டிதான் நிக்குதே, தள்ளுன மாரியும் ஆச்சு, ரிப்பேரு மாரியும் ஆச்சு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு. நானும் தலையை ஆட்டினேன்.

தர்மன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "எங்கப்பன் அந்தத் தெருவுல செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நடந்தாரு. நான் ஓடையில சைக்கிளத் தூக்கிக்கிட்டு நடந்தேன். எம் புள்ளைங்க எதத் தூக்கணும், சொல்லுங்க. மூணு நாளு முக்குல தள்ளுனது போதும், இனிமே தள்ள மாட்டேன். வண்டி நின்னா நிக்கிற எடத்துலயே ரிப்பேரு பாப்பேன், தள்ள மாட்டேன்."

எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் மட்டும் இருந்தேன். கொளஞ்சி எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். தர்மன் என் எதிரில் வந்து குந்திக்கொண்டு, மோட்டார் கொண்டுவருகிறவர்களைக் கேட்பதுபோல என்னைக் கேட்க ஆரம்பித்தான்.

"எப்ப மச்சான் நிக்குது?"

"காலையில."

"சாயங்காலம்?"

"நிக்கல."

"காலையில அந்த முக்குல எந்தப் பக்கம் திரும்புறோம்?"

"பீச்சாங்கைப் பக்கம்."

"சாயங்காலம்?"

"சோத்தாங்கைப் பக்கம்."

"ஆத்தாளுக்கு எடது வலது பாகுபாடு உண்டா மச்சான்?"

நான் கஞ்சியைக் கீழே வைத்தேன். அவன் எழுந்து போய் வாசலில் வண்டியை ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் செய்தான். ஓடிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரை வலதுபக்கம் திருப்பினான், ஓடியது. மெதுவாக இடதுபக்கம் திருப்பினான். முழுசாக ஒடிந்த அந்த இடத்தில் பொசுக்கென்று நின்றது. ஆத்தாளும் இல்லை, எல்லையும் இல்லை, அவன் வீட்டு வாசலில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில். தர்மன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த மூன்று நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

"அப்பறம் என்ன, கழட்டிப் பாத்துச் சரி பண்ணிடு மாப்ள" என்றேன்.

"இங்க பாக்க மாட்டேன்."

"ஏன்?"

"நின்னத அவங்க எல்லாரும் பாத்தாங்க. ஏன் நின்னுச்சுன்னும் அவங்களே பாக்கட்டும். நாளைக்கு ஞாயித்துக்கெழம, எல்லாரும் வூட்டுலதான் இருப்பாங்க."

பைத்தியம் பிடித்துவிட்டதா உனக்கு என்று கத்தினேன். கொளஞ்சி குறுக்கே வந்தாள். "கத்தாதண்ணே. ஒனக்குப் பயமா இருந்தா நீ போவாத, நான் பின்னாடி ஒக்காந்து போறேன்" என்றாள். தங்கச்சி அப்படிச் சொன்ன பிறகு எந்த அண்ணன் வீட்டில் படுத்திருப்பான்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. நல்ல வெயில். வண்டி மேலத்தெருவுக்குள் போனது, முக்கில் ஒடித்தான், நின்றது. வழக்கம்போல் சிரித்தார்கள். தர்மன் இறங்கி வண்டியை அங்கேயே ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். என் கையிலிருந்த சாக்கை வாங்கித் தரையில் விரித்தான். பையிலிருந்து ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், இரண்டு ஒயர் வைத்துக் கட்டிய சின்ன பல்பு எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தான். அப்புறம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

சிரிப்பு நின்றுபோனது. எங்கள் தெரு ஆள் ஒருவன் அந்தத் தெருவில் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. எங்களில் யாருக்கும் அங்கே நின்று மூச்சுவிடக்கூட நேரம் கொடுத்ததில்லை.

தங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "ஏண்டா தர்மா, எந்திரி. அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போயி வச்சுப் பாரு."

"ரிப்பேரு வண்டிங்க. தள்ளக் கூடாது."

"எந்திரின்னு சொல்றேன்."

"நீங்க வேணும்னா ஒக்காருங்க, சாக்குல எடம் இருக்கு."

தங்கசாமியின் முகம் கறுத்தது. "இந்தத் தெரு மோட்டாரு ஒன்னுகூட இனிமே ஒன் கடைக்கு வராதுடா. தெரிஞ்சுக்க" என்றார். அதாவது கடையில் பாதி வேலை போச்சு. தர்மன் தலையை நிமிர்த்தவில்லை, பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். "வராட்டிப் போவுதுங்க. பெரம்பலூர்ல கெணறு இல்லியா?" என்றான்.

அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு மூன்று இளவட்டங்கள் முன்னால் வரவும் செய்தார்கள். ஆனால் அவன் கை என்ன செய்கிறது என்று பார்க்கிற ஆசையும் அவர்களுக்கு இருந்தது. பாதிப் பேர் அவன் கட்டிக்கொடுத்த மோட்டாரில் தண்ணீர் இறைக்கிறவர்கள். அவன் அவசரமே படாமல், எதையும் மறைக்காமல், சத்தமாகச் சொல்லிக்கொண்டே வேலை செய்தான். கழற்றிய பிளக்கை அதன் மூடியில் செருகி என்ஜின்மேல் ஒட்டிப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது உதைத்தான், நீலப் பொறி பறந்தது. இடதுபக்கம் ஒடித்து உதைத்தான், பொறி இல்லை.

"பாத்துக்குங்க. நேரா இருந்தா கரெண்டு வருது, ஒடிச்சா வரல."

சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்துகிறோமே, அதற்கென்று ஒரு கறுப்பு ஒயர் இருக்கிறதாம். அது வண்டியின் இரும்பில் பட்டால் என்ஜின் நின்றுவிடும். அதற்காகவே வைத்த ஒயர். அதன் ஒரு முனையைக் கழற்றினான். மறுபடியும் ஒடித்து உதைத்தான். பொறி வந்தது. அப்புறம் அந்தச் சின்ன பல்பை எடுத்து, ஒரு ஒயரை பேட்டரியிலும் இன்னொன்றைக் கழற்றிய கறுப்பு ஒயரிலும் கொடுத்தான்; அந்த ஒயர் இரும்பில் பட்டால் பல்பு எரியுமாம். சாவியைப் போட்டுவிட்டு, "மச்சான், ஹேண்டில்பார மெதுவா பீச்சாங்கைப் பக்கம் திருப்புங்க" என்றான்.

திருப்பினேன். கடைசி முட்டில் பல்பு எரிந்தது. நேராக்கினேன், அணைந்தது. திருப்பினேன், எரிந்தது.

"எரியுது பாருங்கடா!" என்று சுவருக்கு மேலிருந்து வீரம்மாள் கத்தினாள். வீட்டுக்குள்ளிருந்து எப்போது வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தாளோ தெரியாது. "இன்னொருக்கா திருப்பு சாமிதுர!"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் தெருவில் என் பேரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இன்னொருமுறை திருப்பினேன். எரிந்தது. செல்லப்பன் பூசாரி திருநீற்றுத் தட்டை மெதுவாகப் பின்பக்கம் கொண்டுபோனார்.

"ஒயரு எங்கியோ தோலுரிஞ்சு இரும்புல படுது. ஒடிக்கும்போது அழுந்துற எடம் இங்கதான்" என்று சொல்லிக்கொண்டே தர்மன் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டான்.

அப்போதுதான் எனக்குத் தகடு ஞாபகம் வந்தது. பல்லால் கடித்து இறுக்கினேனே, அந்த முடிச்சை அவன் விரல் தடவுவது எனக்குத் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, கறுப்புக் கயிற்றோடு அதை வெளியே இழுத்தான். செப்புத் தகட்டின் ஓரம் கத்தி மாதிரி ஒயருக்குள் இறங்கியிருந்தது. ஹேண்டில்பாரை ஒடிக்கும்போதெல்லாம் அது ஒருபக்கம் ஒயரையும் மறுபக்கம் இரும்பையும் தொட்டிருக்கிறது. ஆபத்து வராமலிருக்க நான் கட்டியதுதான் மூன்று நாளும் வண்டியை நிறுத்தியிருக்கிறது.

தங்கசாமிதான் முதலில் கண்டுகொண்டார். "தாயத்துடா!" என்று கைதட்டினார். "சாமி இல்ல பூதம் இல்லன்னு பேசுன ஆளு, உள்ள தாயத்து கட்டிக்கிட்டு வந்திருக்காரு!" தெரு முழுக்கச் சிரித்தது. அதுவரை பார்த்த பல்பு, பொறி எல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விடும் போலிருந்தது.

தர்மன் என்னை ஒரே ஒருமுறை பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவர்கள் பக்கம் திரும்பி, "ஆமாங்க. நான்தான் கட்டுனேன்" என்றான்.

என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் தலைகுனிகிறான். தன் அப்பனுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் குனியாத தலை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"அவன் கட்டல" என்றேன். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு தப்படி முன்னால் போய் மறுபடி சொன்னேன். "அவன் கட்டல, நான் கட்டுனேன். அவனுக்குத் தெரியாமக் கட்டுனேன். சாமிக்குப் பயந்து கட்டலங்க. ஒங்களுக்குப் பயந்து கட்டுனேன். இந்தத் தெருவுக்குள்ள ஏறிப் போனா இவன உசுரோட விடுவீங்களோ மாட்டீங்களோன்னு பயந்து கட்டுனேன். சிரிக்கிறதா இருந்தா அதுக்குச் சிரிங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அங்கேயே நின்றேன். தங்கசாமி எதையோ சொல்ல வாயெடுத்தார். சுவருக்கு மேலிருந்து வீரம்மாள், "ஒயர ஒட்டிட்டுப் போவட்டும், வெயிலேறுது" என்றாள். அவள் எங்களுக்காகச் சொன்னாளா, தன் வாசல் காலியாகட்டும் என்று சொன்னாளா என்பது இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

தர்மன் ஒயரில் டேப் சுற்றினான், கறுப்பு ஒயரை மாட்டினான், பிளக்கைப் போட்டான். ஸ்டார்ட் செய்து, இடது, வலது, இடது என்று மூன்று முறை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒடித்துக் காட்டினான். வண்டி நிற்கவில்லை. சாக்கை உதறி மடித்தான். தகட்டை என் சட்டைப் பையில் போட்டு, "செம்பு நல்ல செம்பு மச்சான், வீணாக்காதீங்க" என்றான்.

தங்கசாமி சொன்னதைச் செய்தார். ஐப்பசி வரை மேலத்தெருவிலிருந்து ஒரு மோட்டாரும் வரவில்லை. தர்மன் அந்த வண்டியிலேயே பெரம்பலூர் வரை போய் வேலை பிடித்தான். கார்த்திகையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற நேரத்தில் மேலத்தெரு மோட்டார்கள் புகைய ஆரம்பித்தன. முதலில் வேறு ஊர் ஆள் பேரில் அனுப்பினார்கள். அப்புறம் அவர்களே கொண்டுவந்து முன்வாசலில் வைத்தார்கள். அவன் வழக்கம்போல் உட்காரவைத்துக் கேள்வி கேட்டான். அமாவாசையின் மகன்தான் எங்களில் அடுத்ததாக அந்தத் தெருவில் ஏறிப் போனான் என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். அது தப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை தர்மன் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தான். "நீ முன்னாடி போ மாப்ள. நான் சைக்கிள்ல வரேன்" என்றேன். அவன் கியரைப் போட்டுப் போய்விட்டான்.

மேலத்தெரு தொடங்கும் இடத்தில் கால் கீழே போகப் பார்த்தது. பெடலில் அழுத்தி வைத்துக்கொண்டேன். எண்ணவில்லை. எண்ணாததால் முகங்களைப் பார்க்க வேண்டியிருந்தது, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். தங்கசாமி வேப்பங்குச்சியோடு வாசலில் நின்றிருந்தார். அவர் நேரே வந்ததும் பெல்லை அடித்தேன். வழியில் ஆள் இல்லை, மாடு இல்லை, ஒரு கோழிகூட இல்லை. சும்மாதான் அடித்தேன்.